இருபத்திரண்டிலிருந்து எட்டு

மூன்று முறை அடித்தேன். முதல் அடி ஆத்திரத்தில் விழுந்தது. இரண்டாவதை நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது, அவர் மூக்கிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்த பிறகு, எங்கே அடிக்கிறேன் என்று தெரிந்தே அடித்தது. கையில் இருந்தது மேசைமேல் தண்ணீர் வைத்திருந்த எவர்சில்வர் ஜக்கு.

அடிபட்டவர் எங்கள் சூப்பர்வைசர். கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறை எங்களுடையது. தேய்த்துப் பாலிஷ் போட்டு வரும் லென்ஸை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடுவது என் வேலை. மொத்தம் எட்டுப் பேர். சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் தாராளம். மாதத்து ஆர்டரை முடித்துவிட்டால் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரையும் ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், தன் கையாலேயே பரிமாறுவார். வேண்டாம் என்றால் முகம் சுண்டிப்போகும். தட்டில் மிச்சம் வைத்தவரை அடுத்த வாரம் முழுக்கக் குத்திக்காட்டுவார்.

அந்த வெள்ளிக்கிழமை என் பத்தியத்தின் நாற்பத்தொன்றாம் நாள். சோறில்லை, எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை. மதியத்துக்கு நூற்றைம்பது கிராம் வேகவைத்த காய், இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு. திங்கட்கிழமை ஸ்கேன். என் அண்ணனுடைய கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. என்னுடையதில் பாதியை வெட்டி அவனுக்கு வைக்க வேண்டும். ரத்தம் பொருந்திவிட்டது. ஆனால் என் ஈரலில் இருபத்திரண்டு சதவீதம் கொழுப்பு. பத்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம் என்றார் டாக்டர். அவனுக்கு வேறு ஆள் கிடையாது. அம்மாவுக்கு வயதும் சர்க்கரையும்.

இதைப் பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தெய்வமாக்கிவிடுவார்கள். அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது கேட்பார்கள். அதற்குப் பதில் தயாரித்து வைக்க என்னால் முடியவில்லை.

ஹோட்டலில் நீள மேசை. நடுவில் பொரித்த கோழி மலைபோல. நான் கைப்பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து வைத்து, சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய வெந்த பீன்ஸை நிறுத்தேன்.

"என்னடி, தங்கமா நிறுக்குற?" என்றாள் பாலிஷ் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், பாலிஷ் மெஷினில் நிற்பவள்.

"செய்கூலி, சேதாரம் எல்லாம் உண்டாக்கா?" என்றான் அரவை மெஷின் தம்பி.

"சிரிக்காத. மாப்பிள பாக்குறாங்க போல. ஒடம்பக் கொறைக்கிறா."

"இதுக்குமேல கொறச்சா மாப்பிள லென்ஸ் போட்டுத்தான் பாக்கணும்!"

நானும் சிரித்தேன். நாற்பத்தொரு நாள் பசி ஒரு விசித்திரமான பொருள். முதல் வாரம் வயிற்றில் இருக்கும். பிறகு கைகளுக்கு இறங்கிவிடும். யாராவது எலும்பைக் கடித்து உடைக்கும் சத்தம் கேட்டால் என் விரல்கள் தாமாக மடங்கின. எதிரில் இருந்தவனின் எண்ணெய் மினுங்கும் உதட்டைப் பார்த்தபோது, அந்தத் தலையைப் பிடித்து மேசையில் மோதினால் எப்படிச் சத்தம் வரும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. பீன்ஸை ஒவ்வொன்றாக மென்றேன்.

கடைசியில் கேக் வந்தது. தாராளம் ஒரு பெரிய துண்டை வெட்டி, கிரீம் வழிய எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ரெண்டு மாசமா தங்கச்சி என்னைய ஏமாத்துது. இன்னைக்கு விடறதா இல்ல."

"வேணாம் சார். டாக்டர் சொல்லியிருக்காங்க."

"எந்த டாக்டர்? எம் பொண்டாட்டிகூடத்தான் டயட்டுன்னு சொல்றா, ராத்திரி ஃபிரிட்ஜுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறா."

மேசை முழுக்கச் சிரிப்பு.

"சார், நெசமாவே வேணாம்."

"ஒரு வாய்ல ஒண்ணும் செத்துற மாட்ட. டேய், கையப் புடிங்கடா."

விளையாட்டுத்தான். அரவை மெஷின் தம்பி ஒரு கையை, பக்கத்தில் இருந்தவள் இன்னொரு கையைப் பிடித்தார்கள். பாலிஷ் அக்காகூட, "ஒரு வாய் வாங்கிக்கயேன்டி, பாவம் மனுஷன்" என்றாள். தாராளம் இடது கையால் என் இரண்டு கன்னங்களையும் அமுக்கினார். வாய் தானாகத் திறந்தது.

"ஆ காட்டு. அண்ணன் கையால ஒரே ஒரு வாய்."

எனக்குப் பதினான்கு வயதில், அண்ணனுக்கென்று மூடி வைத்திருந்த மீன் துண்டைத் தின்றுவிட்டேன். அவனுக்குப் பத்தொன்பது. இதேபோலக் கன்னத்தை அமுக்கி, வாயைத் திறந்து உள்ளே பார்த்தான். பிறகு என் இடது கையைக் கதவிடுக்கில் வைத்து, நிதானமாகக் கதவைச் சாத்தினான். மணிக்கட்டு உடைகிற சத்தம் எனக்கு முன்னால் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அவள் கதவுக்கு அருகில்தான் நின்றாள். ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்துட்டா என்றாள். குடித்துவிட்டுச் செய்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. டீயைக்கூட அளவாகக் குடிப்பவன் அவன். அந்தக் கதவுக்கு முன்பும் பின்பும் பெல்ட் இருந்தது, செருப்பு இருந்தது, ஒருமுறை சூடான தோசைக்கரண்டி இருந்தது. எனக்குக் கல்யாணமாகாமல் போனதற்கும் அவன் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது.

கேக் நாக்கில் பட்டது. இனிப்பு மண்டைக்குள் வெடித்தது. உடம்பு முழுவதும் அதை விழுங்கச் சொன்னது. அதுதான் தாங்க முடியாமல் போனது. கையை உதறினேன். பிடித்திருந்தவள் நாற்காலியோடு சாய்ந்தாள். ஜக்கு எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

மற்றதைச் சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று: நன்றாக இருந்தது. உலோகம் எலும்பில் இறங்குகிற அந்த அதிர்வு தோள்வரை வந்தபோது, இத்தனை வருடம் அண்ணன் எதற்காக அடித்தான் என்பது எனக்குப் புரிந்தது. காரணம் வேண்டியதில்லை. அடிப்பதே போதும்.

கழிப்பறைக்கு ஓடி, ரத்தம் பட்ட விரலைத் தொண்டைக்குள் விட்டுக் குமட்டினேன். பீன்ஸும் கேக்கும் வந்தன. ஒரு வாய் கேக்கால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மறுபடியும் விரலை விட்டேன்.

பாலிஷ் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பைத்தியமாடி உனக்கு? மூக்கு ஒடஞ்சிருக்குடி அந்தாளுக்கு! பல்லு வேற ஆடுது!"

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். அண்ணன், ஈரல், இருபத்திரண்டு, திங்கட்கிழமை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நாங்க என்ன பேயா?" பிறகு என் வாயைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, "அண்ணன்னா உனக்கு அவ்ளோ உசுரா?" என்றாள்.

நான் எழுந்து கைகழுவினேன். ரத்தம் போக நேரமானது.

சனிக்கிழமை மாலை தாராளத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. அக்கா சொல்லியிருக்கிறாள். 'தெரியாம பண்ணிட்டேன் தங்கச்சி. புகார் எதுவும் குடுக்கல. நீ ஆபரேஷன பாரு.' அதைப் படித்துவிட்டு அழுதேன். நான் அடிக்க வேண்டிய ஆள் அவர் இல்லை. அவர் முகம் வெறுமனே பக்கத்தில் இருந்தது.

திங்கட்கிழமை ஸ்கேனில் எட்டு சதவீதம். டாக்டர் என் முதுகில் தட்டினார். பிறகு ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். உறுப்பு கொடுப்பவரிடம் தனியாகப் பேசுவதற்கென்று ஒரு அம்மா அங்கே இருந்தார். சொந்தக்காரர் யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை.

ஜக்கின் பிடி அழுத்தி வீங்கியிருந்த என் விரல் முட்டிகளைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"ஒருத்தர அடிச்சேன்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடினார். "எல்லார்கிட்டயும் கேக்குறதத்தான் உன்கிட்டயும் கேக்குறேன். உனக்கு இதுல இஷ்டம்தானா? இல்லன்னா இப்பச் சொல்லு. ஈரல் பொருந்தலன்னு மட்டும் வெளிய சொல்லிடுவோம். ஏன்னு உங்க வீட்ல யாருக்கும் தெரியாது. யாரும் உன்னக் கேக்க முடியாது."

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அம்மா ஸ்கேன் தேதியைச் சொன்னாளே தவிரக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பசியாக இருந்தேன், அவ்வளவுதான். பசித்துக்கொண்டே இருக்கும்வரை யோசிக்க வேண்டியதில்லை.

"அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா," என்றேன்.

வெளியே நீள பெஞ்சில் அம்மாவும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு ஊதி, கால்கள் குச்சியாக. என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தான்.

"ஒங்க பட்டறை அக்கா போன் பண்ணாங்க. சூப்பர்வைசர் மூக்க ஒடச்சிட்டியாமே? எனக்காகவா? பாத்தியாம்மா, நம்ம வீட்டு ரத்தம்!"

அவனுக்குப் பெருமை. முகமே மலர்ந்திருந்தது. என்னை அப்படி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எட்டு சதவீதம்ணா," என்றேன். "பொருந்துது."

அம்மா கை கூப்பினாள்.

"ஆனா நான் தரல."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "ஏன்?" என்றான். மிரட்டலாக இல்லை. குழந்தை கேட்பதுபோல.

"கதவுல என் கைய வெச்சு ஒடச்சியே."

"எந்தக் கதவு?"

அவன் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே தேடினான். அவனுக்குள் அப்படி ஒரு கதவே இல்லை.

அம்மா எழுந்து என்னை அறைந்தாள். என்னை ஒருநாளும் அடிக்காதவள், அடிப்பவனை ஒருநாளும் தடுக்காதவள். கன்னத்தில், காதில், கழுத்தில். "உன் கூடப்பொறந்தவன்டி! கொலகாரி! கொல்றியேடி!" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல். காதுக்குள் விசில் கேட்டது. வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என் கை உயர்ந்தது. அதன் பலம் எனக்கு இப்போது தெரியும். அதை இழுத்து என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா," என்றான் அண்ணன். எழுந்திருக்க முயன்று முடியாமல் சுவரைப் பிடித்தான். "அடிக்காதம்மா. விடு."

அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. பதினான்கு வயதில் அம்மா வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். இப்போது அவன் சொன்னான். ஒரு நொடி, எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது, பாதி அல்ல, முழுவதையும்.

அந்த நொடி கடக்கும்வரை நின்றேன். பிறகு உள்ளே போய், பேனாவை மூடி வைத்திருந்த அந்த ஆஸ்பத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

"பொய் எதுவும் வேணாம்மா. நான் தரலன்னே எழுதுங்க."