மகர ராசிக்கு மூன்று வரி

பத்திரிகை அலுவலகத்தில் அவரைக் கட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசிக்கு முந்தைய பக்கம் அவருடையது. குறுக்கெழுத்துக்கு ஒரு கட்டம், எண் புதிருக்கு ஒரு கட்டம், படக்கதைக்கு மூன்று, ராசிபலனுக்குப் பன்னிரண்டு. நாட்டில் என்ன நடந்தாலும் அந்தப் பக்கத்தில் எதுவும் நடக்காது. முதல் பக்கத்தில் ஆட்சி கவிழ்ந்த அன்றும் படக்கதைப் பூனை பால் திருடிக்கொண்டுதான் இருந்தது.

ராசிபலனை ஒரு ஜோசியர் வாரம் ஒருமுறை எழுதி அனுப்புவார். அந்த மாதம் அவருக்கு மஞ்சள்காமாலை. ஊருக்கெல்லாம் 'உடல்நலத்தில் கவனம் தேவை' என்று எழுதிய மனிதர் தன் கட்டத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

"பழசை எடுத்துக் கலந்து போடுய்யா. யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?" என்றார் ஆசிரியர்.

கட்டக்காரர் கலந்தார். போன வருஷத்து ரிஷபம் இந்த வருஷம் தனுசு ஆனது. கடகத்துக்கு வரவேண்டிய பணம் கும்பத்துக்குப் போனது. ஒரே நாளில் இரண்டு ராசிக்கு மேல் பயமுறுத்தக் கூடாது, ஆசிரியரின் ராசியைப் பயமுறுத்தவே கூடாது. அவர் அறிந்த ஜோதிட சாஸ்திரம் அவ்வளவுதான். ஒரு ராசிக்கு மூன்று வரி. மிஞ்சினால் வெட்ட வேண்டும், குறைந்தால் 'நிதானம் தேவை' என்று சேர்க்க வேண்டும். நிதானம் யாருக்குத்தான் தேவையில்லை?

வீட்டில் அக்கா தினமும் காலையில் மகர ராசியைச் சத்தமாகப் படிப்பாள். கல்யாண வயதில் அப்பா படுக்கையில் விழுந்தார், அவரைப் பார்த்துக்கொண்டாள். அப்பா போன பிறகு தம்பியின் மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள், அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். குழந்தைக்கு இப்போது எட்டு வயது. இத்தனை வருஷத்தில் அக்காவுக்கென்று யாரும் எதையும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. பத்திரிகையில் வரும் அந்த மூன்று வரிதான் அவளுக்கென்றே வருவது. அது தம்பி கலந்த கூட்டு என்பது அவளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

போன வருஷம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கடைக்காரரோடு அவளுக்குப் பழக்கமானது. மனைவியை இழந்தவர், சாதுவான மனிதர். ஒரு கண்ணாடியை மாற்ற ஒருத்தி எத்தனை தடவைதான் கடைக்குப் போவாள் என்று கட்டக்காரர் யோசித்திருக்க வேண்டும். சட்டை இஸ்திரியாகி வருகிறவரை, சாப்பாடு சூடாக வருகிறவரை, யோசிக்க அவருக்கு என்ன அவசரம்?

வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா சொன்னாள்: "கண்ணாடிக் கடைக்காரர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டிருக்காருடா. ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நீ என்ன நினைக்கிறே?"

குழந்தைக்கு யார் தலை பின்னுவார்கள்? காலையில் யார் எழுப்புவார்கள்? இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. "உன் இஷ்டம்க்கா" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். பதினொரு ராசிக்கும் பழசு கிடைத்தது. மகரத்துக்கு அவர் பழசைத் தேடவே இல்லை. 'புதிய உறவால் மனக்கசப்பு வரும். இருக்கும் இடமே பலம். முக்கிய முடிவுகளைத் தள்ளிப்போடவும்.' சரியாக மூன்று வரி. ஒரு எழுத்தைக்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அதைப் படித்தாள். முதல் வரியோடு குரல் நின்றது. மிச்சத்தை மனசுக்குள் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். கட்டக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"பேப்பர்ல போடறதுக்கெல்லாம் பயந்தா வீட்டு வாசலைத் தாண்ட முடியுமா?" என்றாள் அக்கா, கொஞ்சம் சிரித்துக்கொண்டே. "நான் போய் சரின்னு சொல்லிட்டு வந்துடறேன்."

புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கட்டக்காரருக்கு முகம் சுட்டது. திருடப் போன வீட்டில் கதவு திறந்தே இருந்ததுபோல் ஒரு அவமானம். ஆனாலும் விஷயம் தன்னை மீறிப் போய்விட்டதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. நல்லதாகப் போகட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் சீக்கிரமே திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேரே சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"அவர் இப்ப வேண்டாம்னுட்டாரு. கொஞ்ச நாள் போகட்டும்னாரு. கொஞ்ச நாள்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?" பாத்திரத்தைத் திருப்பினாள். "அவருக்கும் மகரம்தான்டா. முதல் நாள் சின்ன எழுத்து தெரியுதான்னு பாக்க உன் பக்கத்தைத்தான் கையில கொடுத்தாரு. நான் என் ராசியைப் படிச்சேன். எனக்கும் இதுதான்னாரு. அப்படித்தான் பேச்சே ஆரம்பிச்சுது. இன்னைக்கு நான் போறதுக்குள்ள அதைப் படிச்சுட்டுப் பயந்து உக்காந்திருக்காரு."

பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மகரம். அக்கா ஒருத்திக்காக எழுதியது ஊரில் இருக்கிற மகரம் அத்தனை பேர் வீட்டுக்கும் போகும் என்பது, பத்து வருஷமாக அந்தப் பக்கத்தைப் போடுகிறவருக்குத் தோன்றவே இல்லை.

"விடுடா. பேப்பரைத் திட்டி என்ன பண்றது? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அந்த ஜோசியர் நல்லா இருக்கட்டும். நீ ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? நீ என்ன பண்ணுவே பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்தான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று.

"ஜோசியருக்கு உடம்பு சரியில்லைக்கா. இந்த மாசம் பூரா நான்தான் பழசை எடுத்துப் போடறேன்."

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அப்ப இதுவும் பழசா?"

"இல்ல. இது நான் எழுதினது."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

"எனக்கு நல்லதுன்னு நினைச்சு எழுதினியா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு வழி திறந்தது. சொன்னால் அவள் நம்பிவிடுவாள் என்றும் அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு நல்லதுன்னு எழுதினேன்" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். "நாளைக்குக் கடைக்கு வா. அவர் முன்னாடி இதைச் சொல்லு" என்றாள்.

திங்கட்கிழமை பிற்பகலில் கடையில் கூட்டமில்லை. கடைக்காரர் ஏற்கனவே பளபளத்த ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கடைக்காரரின் மூக்கைத் தவிர வேறெங்கும் அவரால் பார்க்க முடியவில்லை.

"அவனை உக்கார வைங்க. அந்தப் பேப்பரை எடுத்து அவன் கையில கொடுங்க" என்றாள் அக்கா.

கண் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தாள் கைக்கு வந்தது. "படிடா" என்றாள் அக்கா. அவர் படித்தார். புதிய உறவால் மனக்கசப்பு வரும் என்பது வாயை விட்டு வந்தது. இருக்கும் இடமே பலம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"எழுத்து தெரியுதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டார் கடைக்காரர். தொழில் வாய், தானாக வந்துவிட்டது. கேட்ட பிறகு அவருக்கே காது சிவந்தது. "என்னை மன்னிச்சுடுங்க" என்று அக்கா பக்கம் திரும்பினார். "அவர் எழுதினதாவது அவர் கஷ்டத்துக்கு. நான் மூணு வரியைப் படிச்சுட்டு உங்களை வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டேன்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒருத்தர் எழுதினீங்க, ஒருத்தர் படிச்சீங்க. ரெண்டு பேரும் பேப்பரையே பாத்தீங்க. நான் எதிர்லதானே நின்னேன்?"

அவள் தம்பியை நாற்காலியிலிருந்து எழச் சொல்லிவிட்டுத் தான் அதில் உட்கார்ந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ. குழந்தை ஸ்கூல்ல இருந்து வர்ற நேரம், பசியோட வருவா. நான் இவரோட பேசணும். என்ன முடிவு பண்றேன்னு நானே வந்து சொல்றேன்."

அவர் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். மகள் பையை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் பத்திரிகையைப் பிரித்துப் பூனையைத் தேடினாள்.

"அத்தை எங்கப்பா?"

"கண்ணாடிக் கடையில."

"எப்ப வருவாங்க?"

ஊரில் எல்லாருக்கும் இன்றைக்கு என்ன நடக்கும் என்று தினமும் காலையில் சொல்லி அனுப்புகிறவர் அவர்.

"எனக்குத் தெரியாதும்மா. அத்தைதான் சொல்லணும்" என்றார்.

பானையில் தண்ணீர் கொதித்தது. அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினார். சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று மகள்தான் எழுந்து வந்து காட்டினாள்.