மாமனாரின் ஆம்புக்கு இரண்டு புது ஸ்பீக்கர்

1

உலகத்தின் பெருந்துயரங்கள் அனைத்தும், ஒன்றாக மூச்சு விட வேண்டிய இருவர் எதிரெதிராக மூச்சு விடுவதில்தான் பிறக்கின்றன.

இந்த வரியை எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனால் வாசகரே, அந்த இருவர் மனிதர்கள் இல்லை. ஒரு பழைய கிதார் ஆம்புக்குள், அதாவது கிதாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிக்குள், அக்கம்பக்கமாகக் குடியிருந்த இரண்டு ஸ்பீக்கர்கள்.

கதையும் என்னுடையது இல்லை. பல் மருத்துவரிடம் என் முறைக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர், வீங்கிய கன்னத்தோடு, தன் நண்பருக்கும் அவருடைய மாமனாருக்கும் நடந்ததாகச் சொன்னது. நண்பருக்கு நடந்ததைச் சொன்னால் யாருக்கும் முகம் சிவக்காது. அவருக்குச் சிவந்தது. (பல்வலியாகவும் இருக்கலாம். பிரசுரத்துக்கு முன் இதை எடுத்துவிட வேண்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாமனாரின் விரல்கள் தந்திகளின் மேல் பறவைகளைப் போல—"

நிறுத்திவிட்டேன். மாமனார் பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மாலையில் ஒரு பாட்டுக்குழுவில் கிதார். பறவையெல்லாம் கிடையாது, உலக்கை விரல்கள். ஆனால் தடித்த தந்தியை அவர் ஒரு தட்டுத் தட்டினால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அடிவயிற்றில் கேட்கும்.

ஆம்ப் அவர் இளமையில் வாங்கியது. வால்வ் ஆம்ப், சூடேறினால்தான் வாய் திறக்கும். ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்புகள் கிழிந்து கரகரத்தன. கலைந்துபோன அந்தப் பழைய குழு ஒருமுறை, ஒரே ஒருமுறை, மறுபடி மேடையேறுவது என்று முடிவானபோது, ஸ்பீக்கர் மாற்றித்தர மாப்பிள்ளை, அதாவது அந்த நண்பர், முன்வந்தார்.

இந்த மாப்பிள்ளைதான் எனக்குப் பிடிகொடுக்காத பாத்திரம். நல்லவராக எழுதினால் நம்ப முடியவில்லை; கெட்டவராக எழுதினால் பாவமாக இருக்கிறது.*

* அவர் பாட்டுக் கேட்பவர் இல்லை, 'டோன்' கேட்பவர். யாராவது ரசித்துக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடி, "மிட் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். வீட்டில் யாரும் மறுத்ததில்லை. மிட் என்றால் என்னவென்று தெரிந்தால்தானே மறுப்பதற்கு.

3

"கடைக்காரன்கிட்டயே குடுத்துடலாமே மாப்ள? உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"கடைக்காரனுக்கு எத்தனை ஓம்னு மின்தடைக் கணக்கு தெரியும் மாமா. டோன் தெரியாது."

"ஸ்பீக்கருக்கு ஓம் தெரிஞ்சா போதாதாங்க?" என்றாள் மாமனாரின் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி. அதற்கு ஒரு சிறு விரிவுரை நடந்தது. விட்டுவிடுகிறேன்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. பழைய ஈயத்தை உருக்கி எடுத்தார், துணி சுற்றிய ஒயர்களை மாற்றினார். அப்புறம் அழகுணர்ச்சி குறுக்கே வந்தது. இரண்டு ஸ்பீக்கர்களின் இணைப்பு முனைகளும் நடுவில் ஒன்றையொன்று பார்த்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்குமே என்று இரண்டையும் திருப்பி வைத்தார். அப்படித் திருப்பினால் ஒன்றில் பிளஸ் மேலே வரும், மற்றதில் கீழே போகும். இவர் பிளஸில் சேர வேண்டிய சிவப்பு ஒயரை இரண்டிலும் மேலேயே பற்றவைத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். தடித்த ஒலியெல்லாம் இரண்டுக்கும் நடுவில் செத்துப்போகும்.

மாமனார் தடித்த தந்தியைத் தட்டினார். முகம் மாறியது.

"அடிச் சத்தமே இல்லையே மாப்ள. பட்டினி கெடந்தவன் பேசற மாதிரி இருக்கு."

இந்த இடத்தில் மாப்பிள்ளை பின்பலகையைக் கழற்றிப் பார்த்திருந்தால் கதையே இல்லை. நானும் ஒரு பழைய வாரப்பத்திரிகையைப் புரட்டியிருப்பேன். அவர் சொன்னது இது:

"புது ஸ்பீக்கர் சுத்தமா பேசுது மாமா. உங்களுக்குக் கிழிசல் பழகிடுச்சு. அப்புறம்… வயசானா அடிச் சத்தம் காதுல விழாது. படிச்சிருக்கேன்."

(வயதானால் முதலில் போவது மேல் சத்தம். ஆடத் தெரியாதவள் மேடையைத்தான் கோணல் என்பாள்; இவர் பார்க்க வந்தவரின் கண்ணைக் கோணல் என்றார்.)

மாமனார் தலையைச் சாய்த்து இன்னொரு முறை தட்டிக் கேட்டார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, "இருக்கும்" என்றார். மறுநாள் டிரம்ஸ்காரருக்குப் போன் செய்தார்.

"என் காது சரியில்லப்பா. வேற ஆள் பாத்துக்குங்க. என்னால பாட்டு கெட வேணாம்."

வேறு ஆள் வாசித்தான். மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அதன்பின் கிதாரைத் தொடவில்லை. வீட்டில் நன்றாகக் காதில் விழுந்ததையும் "என்ன சொன்னே?" என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ள ஆரம்பித்தார்.

4

சில மாதம் கழித்து, ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது என்று மனைவியை வியக்கவைக்க மாப்பிள்ளை பின்பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒயரில் ஒரு பேட்டரியைத் தொட்டால் கூம்புகள் துள்ளும். தொட்டார்.

"ஏங்க, ஒண்ணு வெளிய வருது, இன்னொண்ணு உள்ள போகுது. அப்படித்தானா?"

"அப்படித்தான்."

அந்தக் கணத்தில் அவர் தலையில் இடி—

இடியெல்லாம் இல்லை. பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பலகையைத் திருகி மூடினார். அன்று சாப்பிடும்போது மாமனார், "என்ன சொன்னீங்க மாப்ள?" என்று கேட்டார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மாப்பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். "அப்ப என் காது நல்லாத்தான் இருந்துச்சா?" என்று மாமனார் கேட்கிறார். அந்த 'இருந்துச்சா'வுக்கு அப்புறம் என்ன எழுதுவது? டிரம்ஸ்காரர் இப்போது உயிரோடு இல்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் மாப்பிள்ளை ஒயரைக் கமுக்கமாக மாற்றிவிட்டு, காதுக்குச் சொட்டு மருந்து வாங்கித்தருகிறார். மாமனார் குணமாகிவிட்டதாக நம்பி, மாப்பிள்ளையைப் பார்ப்பவரிடமெல்லாம் புகழ்கிறார். இது நன்றாகவே அமைந்தது. அதனால்தான் வைக்கவில்லை.

எதை வைப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். உதவிக்கு, உண்மையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவரை உள்ளே கூப்பிடும் நேரத்தில், "உங்க நண்பர் மாமனார்கிட்ட சொல்லிட்டாரா?" என்று கேட்டேன்.

"ஒயரை மாத்திட்டான். பேட்டரி வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணா வெளிய வருது. சொல்லத்தான் இல்ல."

"ஏன்?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாற்றிய பிறகு, யாரும் இல்லாத நேரத்தில், நண்பர் கிதாரை எடுத்துத் தடித்த தந்தியைத் தட்டிப் பார்த்தாராம்.

அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.