கவிழ்த்த டம்ளர்

மகள் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவளுடைய பிறந்தநாள் கேக்குக்கு எடுத்த வெண்ணெயோ கல்லாட்டம் கிடந்தது. விடுவேனா? தட்டில் வைத்து, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய எவர்சில்வர் டம்ளரைத் துடைத்து அதன்மேல் கவிழ்த்தேன். ஐந்தே நிமிடத்தில் இளகிவிடும்! அதற்குள் முட்டை வாங்கக் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் தட்டு காலி.

"இதுல இருந்தது எங்கேங்க?"

கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். எங்கள் வீட்டில் கவிழ்த்த டம்ளர் என்றால் உள்ளே கரப்பான்பூச்சி என்று அர்த்தம். அதை வெளியேற்றுவது அவர் வேலை.

"கண்ண மூடிக்கிட்டு அப்படியே தோட்டத்துல கொட்டிட்டேன். பெரிய பூச்சிடீ! விழும்போது சொத்துன்னு சத்தம் கேட்டுச்சு!"

சொத்தென்றா? அடடா, எவ்வளவு அருமையாக இளகியிருக்கிறது!