பீரோவுக்குள் ஒரு கூடம்

இளங்கோவனின் குறும்படத்தில் ஒரு பெண் பீரோவைத் திறந்து உள்ளே போவாள். உள்ளே முடிவே இல்லாத ஒரு கூடம். கனவு மாதிரிப் படம். அவ்வளவு பெரிய கூடத்துக்கு நாங்கள் எங்கே போவது? திரையில் நாலு நிமிடம் அவள் முகமும் இருட்டும்தான். கூடத்தைச் சத்தத்தாலேயே கட்டுவது என் வேலை.

மூன்று முறை கட்டினேன். காற்று போட்டேன், எதிரொலி போட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "பீரோவுக்குள்ள நின்னுக்கினு இருக்கிற மாதிரிதான் இருக்குது சங்கீதா" என்றான்.

"நீ எடுத்த ஷாட்டே அப்படித்தான்பா இருக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று தலைக்கே ஏறிவிட்டது. தெருக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவோம், அவர்கள் எழுந்து போனால் என் நாலு நிமிடத்தை வெட்டிக்கொள் என்று சவால் விட்டேன். அமாவாசையில் ஐயம்பேட்டையில் தறிக்கு விடுமுறை, எல்லாரும் வருவார்கள் என்று அந்த நாளைக் குறித்தோம்.

ஒரு வாரம் ரெக்கார்டரோடு தெருவில் அலைந்தேன். முதலில் ஒரு தறி, காதருகே. பிறகு பக்கத்து வீட்டுத் தறி, கொஞ்சம் தள்ளி. அப்படியே தெருக்கோடிவரை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தேன். ஒவ்வொரு தறி சேரும்போதும் கூடத்தின் சுவர் பின்னால் நகர்ந்தது. இளங்கோவனைக் கேட்கச் சொன்னேன். அன்றைக்கே கேட்டுக்கொள்கிறேன் என்று வீறாப்பு காட்டினான்.

அமாவாசை மத்தியானம், அவன் வீட்டு மாடியில் பதினைந்து பேர். கீழே அவன் அம்மா தன் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர். பெண் பீரோவுக்குள் போனாள். தறி ஓடியது. இரண்டாவது சேர்ந்ததும் வீரபாகு அண்ணன் எழுந்து விடுவிடுவென்று படி இறங்கினார். நாலாவதுக்கு ஏலவார்குழலி அக்கா போனாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். இளங்கோவன் என்னைப் பார்த்து இரண்டு விரலால் கத்தரிக்கோல் காட்டினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படத்தை நிறுத்திவிட்டேன்.

வீரபாகு அண்ணன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "அமாவாசையும் அதுவுமா எவன் என் தறியில உட்கார்ந்தான்னு பார்க்கப் போனேன்மா. வீடு பூட்டினது பூட்டினபடி இருக்குது."

"எங்க வீட்லயும் யாரும் இல்ல," என்றாள் பின்னால் வந்த அக்கா. "கை வெச்சுப் பார்த்தேன். தறி சும்மாதான் கிடக்குது."

பெற்ற பிள்ளையின் குரல் மாதிரி அவரவர் தறியின் சத்தம் அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. துணியைத் தூக்கி ஸ்பீக்கரைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்போ வெட்டிடலாமா அக்கா?" என்றான் இளங்கோவன்.

"வெட்டறதா? அந்தப் பொண்ணு எங்க வீட்டத் தாண்டி எங்க போச்சுன்னு பார்க்க வேணாமா? முதல்லேர்ந்து போடுமா."

போட்டேன். இந்த முறை யாரும் எழவில்லை. ஆனால் ஒவ்வொரு தறி சேரும்போதும் ஒரு தலை தன் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஸ்பீக்கரைப் பார்த்த பிறகும் திரும்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏழாவது தறி சேர்ந்தபோது இளங்கோவன் என் பக்கம் குனிந்தான்.

"அம்மா கீழ தூங்கிக்கினுதானே இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டான்.