மேலே ஒன்று, கீழே ஒன்று

“தொடாம ஒண்ணோட தடிமன் எப்படிடி தெரியும்?” என்று அண்ணன் ஒருமுறை அவளிடம் கேட்டான். சென்சார் விற்கிற லேசர்க்காரர் முதன்முதலாகப் பட்டறைக்குள் கால் வைத்த நாள் அது. அன்று அவளிடம் பதில் இல்லை. இன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஏறவும் மனமில்லாமல், இறங்கவும் மனமில்லாமல் மாடிப்படியின் நடுவில் நின்றாள்.

மேலே அண்ணன் படுத்திருந்தான். டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். கீழே பட்டறையில், செருப்புத் தொழிற்சாலைக்காக இருவரும் செய்த இயந்திரம் நின்றது. ஓடுகிற ஸ்பாஞ்ச் ஷீட்டின் தடிமனை அது தானாகவே அளக்க வேண்டும். அளக்கும் தலையை நகர்த்தக் காற்று சிலிண்டரா, மோட்டாரா என்பதில் சண்டையே வரவில்லை. சிலிண்டர் ஓடிப்போய் முட்டித்தான் நிற்கும், மோட்டார் சொன்ன இடத்தில் நிற்கும் என்று அண்ணன் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தான். அவளும் சரி என்றாள். சண்டையெல்லாம் சென்சாரில்தான். தொட்டு அளக்கிற முனைதான் நம்பகம் என்றான் அவன். லேசர் என்றாள் அவள். “ரெண்டையும் ஓட்டிப் பாரு. ஜெயிச்சதை வை” என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கையில் விழுந்தான்.

ஓட்டிப் பார்த்தாயிற்று. முனை எவ்வளவு மெல்லப் பட்டாலும் ஸ்பாஞ்ச் அமுங்கியது. தடிமன் குறைந்தே காட்டியது.

அண்ணி படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். “கண்ணு முழிக்கறப்பெல்லாம் எது ஜெயிச்சுதுன்னு கேக்கறாரு. அவர் சொன்ன முனைதான் ஜெயிச்சுதுன்னு சொல்லிடேன். உனக்கு என்ன கொறைஞ்சு போயிடும்?”

சோதனைக்கு லேசரை இரவல் தந்த லேசர்க்காரரும் கீழேயிருந்து அதையேதான் சொல்லியிருந்தார். “லேசர் மண்ணைக் கவ்விடுச்சுன்னு சொல்லுங்க மேடம். அந்த மனுஷனுக்காக நான் ஒரு ஆர்டர் தோக்கக் கூடாதா?” வாய் ஓயாத ஆள். அவர் வரும்போதெல்லாம் அண்ணன் அவருடைய விசிட்டிங் கார்டை வாங்கி, மேஜைமேல் இருக்கிற, தொட்டுத் தடிமன் அளக்கும் பழைய டயல் கேஜின் முனைக்கடியில் வைத்து அளப்பான். “பேச்சு இவ்வளவு நீளம், கார்டு இவ்வளவு மெல்லிசா சார்?” என்பான். அவரும் சளைக்காமல் அடுத்த முறை புதுக் கார்டு நீட்டுவார்.

அண்ணனும் தங்கையும் சண்டையில் ஒருவரை ஒருவர் சொல்லாத சொல் இல்லை. ஆனால் ஒருவர் எடுத்த அளவை மற்றவர் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. அவள் மேலே ஏறினாள்.

“எது?” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

அண்ணி அவளையே பார்த்தாள்.

“லேசர்தாண்ணா.”

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நெற்றியைச் சுருக்கினான்.

“ஷீட்டு ஓடறப்போ படபடன்னு எழும்புமே. மேல இருந்து பாக்கறது அதையும் தடிமன்னு சொல்லுமேடி?”

“மேல ஒண்ணு, கீழ ஒண்ணு எதிரெதிரா வெச்சேன். எழும்பினா மேல தூரம் குறையும், கீழ அதே அளவு கூடும். சரியாப் போயிடும். ரெண்டையும் சேத்து உன் மோட்டார்தான் இழுத்துட்டுப் போகுது. மயிரிழை பிசகலை.”

“ரெண்டா?” கண்ணைத் திறந்தான். உதடு ஓரம் கோணியது. “ஒண்ணு விக்க வந்த ஆளு… ரெண்டு வித்துட்டானே!”

சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் அந்தப் பிடி தளர்ந்தது. அவள் கையை உடனே எடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் கீழே வந்தபோது லேசர்க்காரர் இன்னும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

“என்ன சொன்னீங்க மேடம்?”

“நடந்ததைத்தான்.”

“அவரு?”

அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் எழுந்து மேஜையருகே போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். டயல் கேஜின் முனையை விரலால் தூக்கி, கார்டை அடியில் வைத்து, மெல்ல இறக்கினார். முள் நடுங்கி ஓரிடத்தில் நின்றது. குனிந்து அதைப் பார்த்தார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தெருவில் இறங்கிப் போனார்.