பின்னால் நிற்க ஆள் வேண்டாம்

எப்சிபாவின் பிக்கப்பில் கேமரா பொருத்த எலக்ட்ரீஷியன் சாம்ராஜ் காலையிலேயே வந்துவிட்டான். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துப் போகும் வண்டி அது. டிரெய்லரை மாட்டினால் கண்ணாடியில் பின்பக்கம் தெரியாது. இத்தனை வருஷமும் அவள் ரிவர்ஸ் எடுக்கும்போது அவள் கணவன் பெத்துராஜ்தான் பின்னால் நின்று குரல் கொடுத்தான். டயாலிசிஸ் தொடங்கியபின் அவனால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. போன வாரம் தலைசுற்றி டிரெய்லருக்குப் பின்னாலேயே விழுந்துவிட்டான். குரல் நின்றதும் அவள் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தான்.

மதியத்துக்குள் டிரெய்லரின் பின்புறம் கேமரா மாட்டி, வயர் இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் திரையும் வைத்தாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தபோது தெருமுனைத் திருப்பத்திலேயே படம் போனது. வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே இறுக்கமாக இருந்த வயர் அறுந்திருந்தது.

"என் தப்புதான்க்கா. அந்த இடத்துல தளர்வா விட்டிருக்கணும். திரும்பப் போட்டுத் தாரேன்," என்றான் சாம்ராஜ்.

"சாப்பிட்டுட்டுப் போடு தம்பி. எனக்கும் முடியல," என்று அவள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்தாள்.

வேலை முடிய நாலு மணியானது. ரிவர்ஸ் போட்டதும் திரையில் ஷெட் தெரிந்தது. சுவரைப் பிடித்தபடி பெத்துராஜும் திரையில் வந்து நின்றான்.

"நீங்க உள்ள போங்க. எனக்கு நல்லாத் தெரியுது," என்றாள்.

"அப்போ நான் இனி வேண்டாமாக்கும்?"

"வேணும். அதுக்குத்தான் போகச் சொல்லுதேன்."

அவன் மெல்லத் திரும்பி நடந்தான். திரையை விட்டு அவன் விலகும்வரை பார்த்திருந்து, பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.