இரண்டு லட்சத்துக்குக் கீழே

ரோதியா கணினித் திரையை மறுபடியும் பார்த்தாள். கடல் கடந்த பிரிஸ்பேன் ஆய்வகத்திலிருந்து வந்த எண் மாறிவிடவில்லை. பதினேழாம் குழாய்க்கு நேரே இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதே இரத்தத்தை அவளே தன் தீவான தாராவாவின் ஆஸ்பத்திரியில் இருக்கும் புதுக் கருவியில் போட்டபோது ஒரு லட்சத்து எழுபதாயிரம்தான் காட்டியிருந்தது.

மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, இத்தனை காலமும் இரத்தத்தை அங்கே கொண்டுபோகும் விமானத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்தக் காத்திருப்பு ஒழியட்டும் என்றுதான் ரொட்டிப்பெட்டி அளவிலான அந்தக் கருவி வந்தது. அதை நம்பலாமா என்று பார்க்க, ஒவ்வொருவரின் இரத்தத்தையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை இங்கே சோதித்தார்கள், மறு பாதியைப் பிரிஸ்பேனுக்கு அனுப்பினார்கள். இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஆய்வகத் தலைவர் தியோட்டி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"அச்சு அசலா ஒத்துப்போகுது பாரு! நம்மது கொஞ்சம் கம்மியா காட்டுது, அவ்வளவுதான்."

"பதினேழப் பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன். இந்தக் கிருமி கணக்குல அதெல்லாம் ஒரு வித்தியாசமா? ஒரே ரத்தத்த அங்கேயே ரெண்டு தடவ போட்டாலும் இவ்வளவு ஏறி இறங்கும்."

அவர் சொன்னது சரிதான். அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவேதான் மாத்திரைக்கான கோடு கிடந்தது. பிள்ளைக்குத் தொற்றாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, கர்ப்பிணிக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டினால்தான். பதினேழு என்பது தெவேயா. குழாயில் பெயர் கிடையாது. ஆனால் ஊசி குத்தியவள் ரோதியா. அன்று கதையளந்துகொண்டே கையை நீட்டியவள், இங்கத்து எண்ணைப் பார்த்து மாத்திரை தேவையில்லை என்று சொன்னதும் ரோதியாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு வடக்கே தன் தீவுக்குப் படகேறிப் போனாள். இப்போது அவளுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது.

"அது தெவேயா, அண்ணே."

தியோட்டியின் சிரிப்பு அடங்கியது. தலையைச் சொறிந்தார். "டாக்டரம்மாகிட்ட போ."

டாக்டர் கௌரே இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்தார். "கோட்டுமேல நிக்கிறா. எந்தப் பக்கம்னு எந்தக் கருவியும் சத்தியம் பண்ணாது. மாத்திரையக் குடுத்துடலாம். ஆனா ரொம்பப் பிந்திப் போச்சு, ரோதியா. அவள இங்கேயே கூட்டிட்டு வா. பிள்ள பொறந்த கையோட அதுக்கு ஊசி போடணும், அவ தீவுல மருந்து வைக்கக் குளிர்பெட்டிகூடக் கெடையாது."

மறுநாள் ரோதியா போய் இறங்கியபோது தெவேயா மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ரோதியா இரண்டு எண்களையும் சொல்லி, மாத்திரை சாப்பிட்டுத் தாராவாவுக்கு வந்து பிள்ளை பெறச் சொன்னபோது, தெவேயாவின் புருஷன் பாக்கோவா வலையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டான்.

"அன்னைக்கு வேண்டாம்னீங்க, இன்னைக்கு வேணுங்கிறீங்க. உங்க மெஷினு குடிச்சிருந்துச்சா?"

"சும்மா இருங்க," என்றாள் தெவேயா. ரோதியாவைப் பார்த்தாள். "ரெண்டுல எது நெசம், அக்கா?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை உருப்போட்டு வந்திருந்தாள் ரோதியா. இப்போது அதை விட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டும் நெசந்தான். நடுவுல எங்கேயோ இருக்கு."

"பிள்ளைக்கு வராம இருக்குமா?"

"மாத்திரையும் ஊசியும் சேந்தா பெரும்பாலும் வராது. முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இன்னும் தைரியமா சொல்லுவேன்."

தெவேயா உப்புக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "எங்கம்மா கல்லீரல் கெட்டு, இதே பாய்லதான் வயிறு வீங்கிக் கெடந்தா. கடைசியில என் வயிறு அளவுக்கு இருந்துச்சு." கையை நீட்டினாள். "குடு."

இளநீரோடு மாத்திரையை விழுங்கினாள். பாக்கோவா வலையைக் கீழே வைத்தான். அவனே போய் அவளுடைய பாயைச் சுருட்டினான், துணிகளைப் பையில் திணித்தான்.

"மீனு?" என்றாள் தெவேயா.

"நாய் திங்கட்டும்."

நீர் வற்றிக்கொண்டிருந்தது. படகைத் தள்ள இடுப்பளவு ஆழம் வரை போக வேண்டியிருந்தது. பாக்கோவா தெவேயாவைத் தூக்கி உள்ளே உட்கார்த்தினான். இயந்திரம் இருமுறை செருமி அணைந்தது. அவன் மறுபடியும் கயிற்றை இழுத்தான். தெவேயா கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிரம்பிய பாத்திரம் தளும்பாமல் ஏந்தியிருப்பவளைப்போல, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, அலையின் ஆட்டத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டிருந்தாள்.